மூணாம் பிறையில் சேர்ந்தவள்

தம்பி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் திருப்புங்க. கடைசிப் பக்கம் மூலையில நல்ல நேரம், ராகு காலம்லாம் போட்டிருப்பான். இன்னைக்கி ராகு காலம் எத்தனை மணிக்குன்னு வாசிங்க. கண்ணாடியை மேசையில வச்சிட்டு ஓடி வந்துட்டேன். பத்தரையிலருந்து பன்னெண்டா. அது தெரியும், வெள்ளிக்கிழமைன்னா அதுதான். இருந்தாலும் ஒரு நப்பாசை. திதி என்ன போட்டிருக்கான்? அஷ்டமி. தேய்பிறை அஷ்டமி. சரி, மடிச்சு வச்சிருங்க.

நீங்க தென்காசியா? நான் அதையும் தாண்டிச் செங்கோட்டை. அங்கன இறங்கி இன்னொரு வண்டி பிடிச்சு மலையடிவாரத்துல ஒரு ஊருக்குப் போவணும். பேப்பரெல்லாம் சரி பாத்துக் கையெழுத்து வாங்க எப்படியும் பத்தரை ஆயிரும், அதுக்குள்ள போயிரணும். இந்த டிரைவர் என்னடான்னா கல்யாண ஊர்வலத்துக்குக் கார் ஓட்டுத மாதிரி ஓட்டுதாரு. கண்டக்டர்கிட்டச் சொன்னேன். "அவசரம்னா ஆட்டோல போயிருக்கலாம்லா, பெரியவரே"ங்கான். என்கிட்டப் படிச்சவனா இருந்தா இந்நேரம் பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்.

எதுக்கு இந்த ஓட்டம்னு கேக்குதியளா? கேக்கல. பரவாயில்ல, சொல்லுதேன். என் மக இன்னைக்கி வேலையில சேரப் போறா. செண்பகவல்லின்னு பேரு. பரீட்சை எழுதி எழுதி முப்பத்திமூணு வயசுல கவர்மெண்டு டீச்சர் வேலை. நேத்து ஆர்டர் கைக்கு வந்துட்டு. சந்தோசம்தான, பிறகு ஏன் இந்த மனுசன் வேர்த்து ஊத்திக்கிட்டு வாரான்னு நெனைப்பிய. அவ சேரக் கூடாது. இன்னைக்கிச் சேரக் கூடாது. அதைத் தடுக்கத்தான் போறேன்.

பதினஞ்சு நாளைக்குள்ள சேர்ந்தாப் போதும்னு ஆர்டர்லயே இருக்கு. நேத்து ராத்திரி பஞ்சாங்கத்தை விரிச்சு வச்சிக்கிட்டு நான் நாள் பாத்துச் சொன்னேன். அமாவாசை கழியட்டும், வளர்பிறையில திங்கக்கிழமை அம்சமான நாளு, அன்னைக்கிப் போயிக் கையெழுத்துப் போடட்டும்னேன். வீட்டுக்காரி பக்கத்துலதான் நின்னா. ஆவுடையம்மா. "சரிங்க"ன்னா. எதுத்து ஒரு வார்த்தை கெடையாது. காலையில நான் கோயிலுக்குப் போயி, புதுப் பேனா ஒண்ணைச் சாமி பாதத்துல வச்சு வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா, ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு, ஆளைக் காணும். மகளையும் காணும். எதுத்த வீட்டு அம்மா சொல்லுதாவ, "அக்காவும் பாப்பாவும் மொத பஸ்ஸுக்கே போயிட்டாவளே, இன்னைக்கே சேரணுமாம்லா"ன்னு. ரெண்டு பேருக்கும் போன் போடுதேன், எடுக்க மாட்டேங்காளுவ. பேனா இங்க, என் பையில இருக்கு.

இதுல என்ன கோவம்னா, நான் நாள் பாத்துக் கொடுத்து வீட்டுக்காரிக்கு எம்புட்டு நல்லது நடந்திருக்கு. அதெல்லாம் மறந்து போச்சு பாருங்க.

இவளும் டீச்சர்தான். நானும் வாத்தியார்தான், ஹெட்மாஸ்டரா ரிட்டையர் ஆனேன். நம்ம சங்கரன்கோயில்ல உதவி பெறும் பள்ளிக்கூடம் ஒண்ணுல. இவ பி.எட். முடிச்சிட்டு எம்ப்ளாய்மெண்டுல பதிஞ்சு வச்சிட்டுப் பதினாலு வருசம் காத்துக் கெடந்தா. கெடந்தா கெடந்தா, ஒரு நாள் கெடைச்சுது. ரெண்டாயிரத்து மூணு, மார்ச் மாசக் கடைசி. வேறொரு பள்ளிக்கூடத்துல ரெண்டு எடம். ஒண்ணு இவளுக்கு, இன்னொண்ணு உலகம்மாள்னு ஒரு பொண்ணு, இவகூடப் படிச்சவ. ரெண்டு பேரையும் ஒரே நாள் கூப்பிட்டு ஒரே மாதிரி ஆர்டர் கொடுத்தாவ. ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்தரை எடுத்து வச்சு, "இப்பமே கையெழுத்துப் போட்டுருங்கம்மா"ன்னிருக்காரு. அன்னைக்கி என்ன நாளு? செவ்வாக்கெழமை. அஷ்டமி. மணி மூணு, ராகு காலம். மூணும் சேர்ந்து வந்திருக்கு பாத்துக்கிடுங்க, தேடிப் போனாலும் கெடைக்காது. உலகம்மாள் போட்டுட்டா. அவ வீட்டுல நாள் பாக்க ஆளில்ல. புருசன் லாரியில நாக்பூர் பக்கம் போயிருந்தான். இவ போடல. "வீட்டுல கேட்டுட்டு வாரேன் சார்"னு வந்துட்டா. அதுதான் குடும்பப் பொண்ணு.

நான் பாத்தேன். தேய்பிறை முடியட்டும், அமாவாசை போவட்டும், மூணாம் பிறை வியாழக்கெழமை, மத்தியானம் குரு ஓரையில போடுன்னேன். அன்னைக்கி ஒண்ணரைக்கு ராகு காலம் வந்துரும். ஒரு மணியிலருந்து ஒண்ணரை வரைக்கும் அரை மணி நேரந்தான். நானே ஸ்கூல் வாசல்ல நின்னு வாட்சைப் பாத்து, "ம், இப்பம் போ"ன்னு அனுப்பினேன். புதுப் பேனா, மஞ்சள் தடவி. ஏப்ரல் மூணாந்தேதி.

ஆமா தம்பி. ஏப்ரல் மூணு. நீங்க என்ன வேலை பாக்குதிய? பேங்கா. அப்பம் உங்களுக்குத் தெரியும், மூஞ்சியே மாறுதே.

அந்த வருசம் ஆகஸ்டுல ஒரு அரசாணை போட்டான். ஏப்ரல் ஒண்ணாந்தேதியிலருந்து சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்சன் கெடையாதுன்னு. மாசாமாசம் சம்பளத்துல பத்துல ஒரு பங்கு பிடிப்பானாம், கவர்மெண்டு அதே அளவு போடுமாம், ரிட்டையர் ஆவும்போது மொத்தமாக் கையில கொடுத்துட்டுக் கும்பிடு போட்டுருவானாம். அதுக்குப் பிறகு மாசம்னு ஒண்ணும் கெடையாது. ஆகஸ்டுல ஆணை போட்டு ஏப்ரல்லருந்து செல்லும்னா, அது எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நான் என்ன சோசியனா, கோட்டையில என்ன எழுதப் போறான்னு மார்ச் மாசமே பாக்க? தப்பு ஆணையில இருக்கு. நாள்ல தப்பே இல்ல. ஊருக்குள்ள சில பேர் வேற மாதிரிப் பேசுதான், அந்தப் பேச்சைக் காதுல வாங்கக் கூடாது.

நாள் நல்லா இல்லன்னா எப்படி இருபத்திரண்டு வருசம் ஓட்டியிருப்பா? ஒரு மெமோ வாங்கினதில்ல. ஒரு நாள் விழுந்து கையைக் காலை முறிச்சதில்ல. வகுப்புல நூத்துக்கு நூறு பாஸ் காட்டியிருக்கா. அது யாரு பாத்த நாளு? உலகம்மாளுக்கு ஒரு தடவை மஞ்சக்காமாலை வந்துச்சு. சொல்லணும்லா.

பென்சன் பென்சன்னு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதோட அருமை தெரியாது. எங்க அப்பாவுக்கு ஈஸ்வரமூர்த்தின்னு ஒரு வாத்தியார் பாடம் எடுத்தாராம். அந்தக் காலத்துல உதவி பெறும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பென்சனே கெடையாது. கடைசி நாள் ஒரு மாலை போடுவான், அம்புட்டுதான். அந்த மனுசன் ரிட்டையர் ஆன பிறகு பருத்திக் கமிஷன் கடையில சாக்குக்கு நம்பர் போட்டுப் பிழைச்சாரு. அவருகிட்டப் படிச்ச பயலே மொதலாளியா உக்காந்துக்கிட்டு, "வாத்தியாரே, அந்தச் சாக்கை இங்கிட்டுத் தள்ளும்"பானாம். பிறகு சங்கம் வச்சு, ஊர்வலம் போயி, மனு கொடுத்து, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. அப்பா வாங்கினாரு. அவரு போன பிறகு எங்க அம்மா வாங்கினா, கடைசி வரைக்கும் யாருகிட்டயும் கை நீட்டல. நான் வாங்குதேன். மாசம் பொறந்தா அக்கவுண்டுல கெடக்கு. அகவிலைப்படி ஏறினா அதுவும் ஏறும். வயசானவனுக்கு அது பணமில்ல தம்பி, மரியாதை. மக வீட்டுக்குப் போனா நம்ம கையில பழம் இருக்கும். அவ்வளவு இருக்கு அதுல.

அதான் இவளுக்கு இல்லாமப் போச்சு. எனக்கு வயிறு எரியாதா? நான் சும்மா இருக்கல. எனக்குப் பழைய பென்சன் இருந்தும் புது பென்சனை ரத்து பண்ணுன்னு எத்தனை போராட்டத்துக்குப் போனேன். திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல சித்திரை வெயில்ல உக்காந்திருக்கேன். மண்டபத்துல அடைச்சு வச்சிருக்கான். ஆசிரியர் சங்கத்து வட்டாரச் செயலாளர் நான்தான். மறியலுக்கே நான்தான் நாள் குறிச்சுக் கொடுப்பேன். ஒரு தடவை அவசரக்கார பயலுவ பேச்சுவார்த்தைக்கு முன்னாலயே தொடங்கணும்னானுவ. பரணி நட்சத்திரம், இன்னைக்கி வேண்டாம்னு தள்ளி வச்சேன். அதுக்குள்ள என்னமோ பேசி முடிச்சிட்டானுவ, அது வேற கதை.

ஏன் வண்டி நிக்கி? ரயில்வே கேட்டா. போச்சு. எல்லா ரயிலும் இன்னைக்கித்தான் வரும்.

இவ போன வருசம் ரிட்டையர் ஆனா. உலகம்மாளும்தான், ரெண்டு பேருக்கும் ஒரே மேடை, ஒரே மாதிரிச் சால்வை. இவளுக்குப் பிடிச்ச பணம் வட்டியோட வந்துச்சு. நல்ல தொகைதான். அதை வச்சு வீட்டு வாசலைத் திருப்பினேன். தெக்குப் பாத்த வாசல் தம்பி, அதான் காசு தங்க மாட்டேங்குது. மாடிப்படியை இடிச்சு இந்தப் பக்கம் கொண்டாந்து, அடுப்பங்கரையை அக்கினி மூலைக்கு மாத்தி, கெழக்கே வாசல் வச்சேன். அவளுக்காகத்தான், அவ பேருல உள்ள வீடு. காசு தங்குதான்னு கேக்காதிய. வச்சு ஆறு மாசந்தான ஆவுது.

இதுக்கு ஒரு முறை வேண்டாமா? இப்பம் அவ நர்சரி ஸ்கூலுக்கு எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பாத்துக்கிடப் போறா. அறுபது வயசுல. சின்னப் பிள்ளைக மூக்கைத் தொடைச்சு விட்டுக்கிட்டு. ஒரு ஹெட்மாஸ்டர் பொண்டாட்டி போற வேலையா அது? எனக்குத்தான் வருதுலா, கேட்டாக் கொடுக்காமயா இருப்பேன். என்கிட்டக் கேக்கணும்லா. கேக்க மாட்டேங்கா. கண்ணாடி மாத்தணும்னா அவளே போயி மாத்திட்டு வந்துட்டா. மாத்தின பிறகுதான் எனக்கே தெரியும். எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. ஒரு நாள் ஆறுதலாத்தான் சொன்னேன், "ஏன் கவலைப்படுத, நான் போயிச் சேர்ந்துட்டேன்னா என் பென்சன்ல குடும்பப் பென்சன் உனக்குத்தான வரும்"ன்னு. "சரிங்க"ன்னா. அதுக்கும் சரிங்கதான்.

அதான் தம்பி என் எரிச்சலே. இருபத்திரண்டு வருசம், அந்த ஏப்ரல் மூணைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஏன் இப்படிப் பண்ணினியன்னு ஒரு சண்டை கெடையாது. அழல. உலகம்மாள் மார்ச்லயே சேர்ந்தவள்லா, அவளுக்குப் பழைய பென்சன் பேப்பர் எழுத வேண்டி வந்துச்சு. ஊருல இதெல்லாம் சரியா எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எங்க வீட்டு மேசையில வச்சுத்தான் எழுதினேன், ரெண்டு நாள் சாயங்காலம். இவதான் காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சா. உலகம்மாளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மொதப் பென்சன் வந்தவுடனே அந்தப் பொண்ணு அல்வா வாங்கிட்டு வந்து என் கால்ல விழுந்தா. "அண்ணாச்சி, நீங்க எழுதினது ஒரே தடவையில பாஸ் ஆயிட்டு"ன்னா. இவ பக்கத்துல நின்னு சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா. அப்பம் எனக்கு என்ன தோணும்? இவளுக்கும் நடந்ததுல ஒண்ணும் வருத்தமில்லன்னுதான தோணும்.

கேட்டைத் திறந்துட்டானா. கெளம்பட்டும். மணி என்ன? பத்து நாப்பத்தஞ்சா? இப்பந்தான பத்துன்னிய. அப்பம் பத்தரைக்குப் போக முடியாமப் போச்சு. இனி ஒரே வழிதான். பன்னெண்டு வரைக்கும் கையெழுத்துப் போடாம இருந்தாப் போதும். ராகு காலமாவது தாண்டட்டும், அஷ்டமியைப் பிறகு பாத்துக்கிடலாம். பத்து நாள் பொறுத்தா என்ன குடியா முழுகிரும்? இவளுகளுக்கு என்ன அவசரம்னுதான் கேக்குதேன்.

இருங்க, போன் அடிக்கி. வீட்டுக்காரிதான்.

ஏளா, எங்க இருக்கிய? எத்தனை தடவை போன் போட்டேன். என்னது? சேர்ந்தாச்சா? எப்பம்? பத்து முப்பத்தஞ்சா. ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மொத பஸ்ஸுக்குப் போனவளுக, எட்டரைக்கே அங்க போயிருப்பிய. ஹெட்மாஸ்டர் ஒம்பது மணிக்கு வந்திருப்பாருலா. அஷ்டமின்னாலும் அப்பமே போட்டுத் தொலைச்சிருந்தா ராகு காலமாவது தப்பியிருக்கும். யாரு? யாரு சொன்னது? நீயா. என்னன்னு சொன்ன, திருப்பிச் சொல்லு. எதுக்கு?

ம்.

ம்.

பால் பாக்கெட்டா? சரி. சரி, வாங்கிட்டு வாரேன்.

வச்சிட்டா.

ஒண்ணுமில்ல தம்பி. தண்ணி இருக்கா? ஒரு வாய் கொடுங்க.

ஹெட்மாஸ்டர் ஒம்பது மணிக்கே ரிஜிஸ்தரைத் திறந்து வச்சிட்டு வாம்மான்னாராம். மகளும் பேனாவை எடுத்துட்டாளாம். இவதான் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கா. "சார், கொஞ்சம் பொறுங்க. ராகு காலம் பொறக்கட்டும்"ன்னாளாம். அந்த மனுசன், ராகு காலம் முடியட்டும்னு சொல்லுதாவளோன்னு நெனைச்சு, அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா, தாராளமாப் போடலாம்னிருக்காரு. "இல்ல சார், பொறந்த பிறகுதான் போடணும்"ன்னுட்டு, ஆத்தாளும் மகளும் வராந்தாப் பெஞ்சில உக்காந்திருக்காளுவ. ஒண்ணரை மணி நேரம். பத்தரை தாண்டுத வரைக்கும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு.

எதுக்குன்னு கேட்டேன், நீங்களும் கேட்டியள்லா. "உலகம்மா அஷ்டமியிலதான சேர்ந்தா. ராகு காலத்துலதான கையெழுத்துப் போட்டா. மூணு மணி பத்து நிமிசம். பக்கத்துல நான்தான நின்னேன், அவ போட்டுட்டு என்கிட்டத்தான பேனாவை நீட்டினா"ங்கா. குரலு கூட உசரல. அடுத்த வாக்குலயே, பாயாசம் வைக்கணும், வரும்போது பால் வாங்கிட்டு வந்துருங்கங்கா.

மூணு பத்து. எனக்கு இது தெரியாது. உலகம்மா பேனாவை நீட்டினது எனக்குத் தெரியாது. இத்தனை வருசத்துல ஒரு நாள் சொன்னதில்ல. மணி நிமிசத்தோட வச்சிருந்திருக்கா.

கேட்டிருக்கலாம்லா தம்பி? என்னைக்காவது ஒரு நாள், அடுப்பங்கரையில நின்னுக்கிட்டோ, படுக்கப் போகும்போதோ, ஏன் என்னை அன்னைக்கிப் போட விடலன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? என்கிட்டப் பதில் இருந்துச்சு. ஆகஸ்டுல வந்த ஆணை, ஏப்ரல்லருந்து செல்லும்னான், எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கும், மெமோ கெடையாது, மஞ்சக்காமாலை, எல்லாம். இப்பம் உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, வரிசையா, விட்டுப் போவாம. இருபத்திரண்டு வருசமா இதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன், அவ கேப்பா கேப்பான்னு.

அவ கேக்கவே இல்ல.